மூச்சும் நாடியும் ஒரே ஏட்டில்

எழுத்துக்கள் பிறக்குமாற்றைக் கற்பிக்குங்கால் உந்தியினின்று எழும் வளியை முதலிற் கூறுதல் தொல்காப்பியர் காட்டிய நெறி. அவ்வளியைக் கண்ணாற் காண்பிக்குமாறு மாணாக்கர் கேட்பின் கரும்பலகை உதவாது. இக்குறையை நீக்க முயன்றவிடத்தே தமிழாசிரியராகிய எமக்கும் மின்கருவிகளுக்கும் தொடர்பு உண்டாயிற்று. மூச்சின் கோட்டைக் கண்ட மாணாக்கர் நாடியின் கோட்டையும் அருகே காட்டுமாறு வேண்டினர். எந்திரவியலிலும் மருத்துவத்திலும் புகுந்துள்ள பழைய மாணவர் எம் துணிவைப் பொறுப்பாராக.

உடலில் எழும் நுண்ணிய மின்னலைகளைப் பொழுதுபோக்காளரும் வீட்டிலிருந்தே பதியத்தக்க கருவிகள் இன்றுள. அவற்றுள் ஒன்று, 2013ஆம் ஆண்டிறுதியிற் பொதுமக்களிடம் நிதி திரட்டி நியூயோர்க் நகரிலே தொடங்கப்பெற்ற ஓப்பன் பி.சி.ஐ. அதன் சைற்றன் என்னும் பலகை எட்டு வழிகளில், செக்கனுக்கு 250 முறை, மூளையினதோ இருதயத்தினதோ அலையை அளந்து கணினிக்கு அனுப்பும். சுவாசத்தை அளக்கும் உறுப்பு அதில் இல்லை. நாமே கூட்டல் வேண்டும்.

வேறொரு கருவியாற் சுவாசத்தைத் தனியே பதிந்து, பின் இரண்டையும் ஒட்டினால் என்ன? பிழை புகுவது இங்கேதான். மூச்சை உள்வாங்குகையில் நாடி சற்று விரையும், வெளிவிடுகையில் தளரும். ஜெர்மானிய அறிஞர் கார்ல் லுட்விக் இரத்த அமுக்கத்தையும் சுவாசத்தையும் சுழலும் உருளையிலே சேர்த்து வரைந்து, 1847இல் வெளியிட்ட ஆய்வு இத்தொடர்பைப் பற்றியதே. இளைப்பாறியிருப்பவர் நிமிடத்துக்கு 15 முறை சுவாசிப்பாராயின் ஒரு சுவாசத்துக்கு 4 செக்கன். இரு கருவிகளின் தொடக்கமும் 2 செக்கன் முன்பின்னாயின், உட்சுவாசம் நின்ற இடத்தில் வெளிச்சுவாசம் வந்து நிற்கும்; மூச்சை விடும்போதே நாடி விரைந்தது என்று ஏடு பொய் கூறும். கோடுகளோ அழகாகவே இருக்கும்! எம் முதற் பதிவு இவ்வாறே பொய்த்தது. அதனைக் கொண்டு ஒரு வகுப்பையும் நடத்திவிட்டோம். மறுவாரம் அதே மாணாக்கர் முன் நின்று திருத்திக் கூற நேர்ந்தது. ஆதலின் இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடல் வேண்டும்.

சைற்றன் பலகையில் வேற்றுணரிகளுக்கென விடப்பட்ட ஊசிகள் உள. முடுக்கமானியின் அளவுகளுக்குப் பதிலாக அவற்றின் அளவுகள் அதே வரிசையிற் பதியுமாறு கட்டளையிடலாம். 3.3 வோல்ற்றுக்கு மேற்பட்டது அங்கே செல்லலாகாது. வெப்பத்தடை ஒன்றையும் நிலைத்த தடை ஒன்றையும் தொடராக இணைத்து, நடுப்புள்ளியை ஊசியிற் சேர்ப்பின் போதும். மூக்கின்கீழ் அமைத்த வெப்பத்தடையில் வெளிவரும் வெம்மையான வளி பட, அதன் தடை குறையும்.

மற்றொரு வகை மார்புப் பட்டி. அதிற் பதித்த பீசோ வில்லை, இழுவிசை மாறும்போது மாத்திரம் மின்னழுத்தந் தரும். மூச்சை அடக்கியிருப்பவரது கோடு மெல்லப் பூச்சியத்துக்கு வீழ்ந்துவிடும்; நுரையீரல் நிறைந்துளதோ வெறிதோ என அது சொல்லாது. மின்கடத்தும் இறப்பர் நாடா அந்நிலையையும் காட்டும். ஆயினும் இழுத்து விட்டால் உடனே மீளாத சோம்பல் அதற்குண்டு.

பட்டி அளப்பது அசைவை. வெப்பத்தடை அறிவிப்பது வளியின் போக்குவரவை. உறக்கத்திலே தொண்டை அடைபட்டவருக்கு மார்பும் வயிறும் அசைந்துகொண்டேயிருக்கும், வளி செல்லாது. பட்டியை மாத்திரம் நம்பினவர் சுவாசம் நடக்கின்றது என்பர். வாயாற் சுவாசிப்பவரிடத்தோ, நடக்கின்ற சுவாசத்தை மூக்கின்கீழுள்ள வெப்பத்தடை இல்லையென்னும். இரண்டையும் அணிவித்தலே தக்கது. அப்போதும் இது நோயறிதற்குரிய கருவியன்று. ஐயமுள்ளோர் மருத்துவரிடஞ் செல்க.

மின்வாய்கள் உடலிற் பட்டிருக்கையில் பலகை மின்கலத்தாலேயே இயங்கல் வேண்டும். சுவர் மின்சாரத்தால் இயங்கும் உணரியை அதனோடு இணைத்தல் ஒருபோதுங் கூடாது. இதில் விளையாட்டில்லை.

பதிவு தொடங்கியதும், அணிந்தவரை மும்முறை ஆழ மூச்செடுக்கச் செய்க. கோடு ஏறுகையில் உட்சுவாசமோ வெளிச்சுவாசமோ என்பதை அப்போதே எழுதிக்கொள்க. கம்பிகள் இடம் மாறினாற் கோடு தலைகீழாகும்.