கம்ப்யூட்டர் தானாக அணைந்து போனால்...



இயக்க அமைப்பு என்றால் என்ன என்று நாம் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படிக்கிறோம். அது மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்று பரீட்சையில் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இந்த மாதத் தாளில் எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழிலேயே எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அந்த ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் போதும்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. என் அக்காவுக்கும் பிளஸ் டூ படிக்கும்போது ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. பாஸ் என்றால் முதலாளி இல்லை, பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. எங்கள் தெருவில் மடிக்கணினி வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படம் பார்க்க விண்டோஸ் போதும் என்று விட்டுவிட்டார்கள். வருசம் போகப் போக விண்டோஸ் ஆமை மாதிரி ஆகிவிட்டதால், நான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டெபியனையே போட்டேன். நன்றாக ஓடியது. அக்கா குரூப் 4 தேர்வுக்கு அதில்தான் குறிப்பு எடுத்து வைத்திருந்தாள்.

இந்த வருசம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அப்டேட் கொடுத்தேன். புதுக் கெர்னல் ஒன்று வந்து இறங்கியது. மறுநாள் அக்கா படித்துக்கொண்டு இருக்கும்போதே டப்பென்று அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் இருபது நிமிசம் ஓடியது, மறுபடி டப். "ஏட்டி, நேத்து நீதான என்னமோ பண்ணின? என் நோட்ஸ் எல்லாம் போச்சுன்னா உன்னைத் தொலைச்சிருவேன்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நேற்று கெர்னலை மாற்றினேன், இன்று கோளாறு, அப்போ கெர்னல்தானே காரணம்?

ரிப்பேர் கடை அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனோம். திறந்துகூடப் பார்க்கவில்லை. "போர்டு போயிட்டும்மா. ஆறாயிரம் ஆகும். பேசாம புதுசு வாங்கிக்கோங்க" என்றார். அம்மா எத்தனை ஆயிரம் பீடி சுற்றினால் ஆறாயிரம் ரூபாய் வரும் என்று அக்கா பஸ்ஸில் வரும்போதே விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். வீடு வந்து சேரும்வரை யாரும் பேசவில்லை.

கெர்னல் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். நம்ம ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் இருப்பார் இல்லையா? தென்காசி வண்டி எப்போ எடுக்கணும், திருநெல்வேலி வண்டி எங்கே நிற்கணும் என்று அவர்தான் சொல்லுவார். டிரைவர்கள் இஷ்டத்துக்கு எடுத்தால் வாசலிலேயே முட்டிக்கொள்வார்கள். அதுபோல நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை, வைஃபை எல்லாவற்றுக்கும் நடுவில் நின்று முறை சொல்லுவது கெர்னல். 1991-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸ் மாதிரியே ஒரு கெர்னலைத் தானே எழுத ஆரம்பித்தார். அதுதான் லினக்ஸ்.

டைம் கீப்பர் ஒரு நோட்டும் வைத்திருப்பார். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, ஏன் லேட் என்று எழுதுவார். கெர்னலும் அப்படி ஒரு நோட்டு எழுதுகிறது. எனக்கு அது அப்போது தெரியாது. தெரியாததால் மூன்று நாளை வீணடித்தேன். அந்த மூன்று நாளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் செய்ததில் பாதி சரி.

முதல் நாள் பழைய கெர்னலுக்குப் போனேன். டெபியனில் புதுக் கெர்னல் வந்தாலும் பழையது உடனே அழிந்துவிடாது. கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் குரப் பட்டியலில் இரண்டாவது வரியில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும். அதற்குள் போனால் பழைய கெர்னல் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து ஓட்டினேன். இருபது நிமிசத்தில் டப். அப்படியென்றால் புதுக் கெர்னல் மேல் தப்பில்லை. நேற்று செய்ததும் இன்று நடந்ததும் அடுத்தடுத்து வந்ததால் நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் எங்கள் கம்ப்யூட்டர் சார் மெம்டெஸ்ட் போட்ட பென் டிரைவ் கொடுத்தார். இது நினைவகத்தைச் சோதிக்கும் புரோகிராம். லினக்ஸும் வேண்டாம், விண்டோஸும் வேண்டாம், தானே நேராகத் தொடங்கும். நினைவகத்தின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண்ணை எழுதும், திரும்பப் படித்துப் பார்க்கும். எழுதியதும் படித்ததும் வேறாக இருந்தால் சிவப்பில் காட்டும். எங்களுடையதில் ஒரு சிவப்பு வரிகூட வரவில்லை. ஆனால் பதினைந்தாவது நிமிசம் அதுவும் அணைந்தது.

இதில் ஒரு பெரிய துப்பு இருக்கிறது. நான் அதைக் கவனிக்காமல் "சார், மெம்டெஸ்ட்டும் வேலை செய்யல" என்று போய் நின்றேன். சார் சிரித்தார். "அதுல லினக்ஸே இல்லைல்லா? லினக்ஸ் இல்லாமலும் அணையுதுன்னா யார் மேல தப்பு?" என்று கேட்டார். வன்பொருள்தான். அடுத்து அவர் கேட்டதுதான் முக்கியம்: "சாகும்போது அது என்ன சொல்லிட்டுச் செத்துதுன்னு பாத்தியா?"

அந்த நோட்டைப் பார்க்கும் கட்டளை ஐந்து எழுத்து: டி, எம், இ, எஸ், ஜி. நிர்வாகி உரிமை கேட்கும் என்பதால் அதற்கு முன்னால் எஸ், யு, டி, ஓ என்று அடித்து ஓர் இடைவெளி விட வேண்டும். சரசரவென்று நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு வரியின் முன்னாலும் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். கம்ப்யூட்டர் தொடங்கி எத்தனை விநாடி ஆனது என்பதுதான் அது.

ஆனால் இந்த நோட்டு நினைவகத்தில் இருப்பதால் கம்ப்யூட்டர் அணைந்ததும் போய்விடும். செத்த கதை வேண்டுமென்றால் வட்டில் சேமித்த பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அதற்கு ஜே, ஓ, யு, ஆர், என், ஏ, எல், சி, டி, எல் என்று சேர்த்து அடித்து, இடைவெளி விட்டு கழித்தல் குறி கே, மறுபடி இடைவெளி விட்டு கழித்தல் குறி பி, இன்னோர் இடைவெளி விட்டு கழித்தல் 1. கே என்றால் கெர்னல் எழுதியது மட்டும். பி-யும் கழித்தல் 1-ம் சேர்ந்தால் இதற்கு முந்தின தடவை ஓடியபோது எழுதியது. இதற்கும் முன்னால் சுடோ வேண்டும்.

அடித்தேன். கடைசிப் பக்கத்துக்குப் போனேன். "கோர் டெம்பரேச்சர் அபவ் த்ரெஷோல்டு, சிபியு கிளாக் த்ராட்டில்டு" என்று வரிசையாக இருந்தது. அதாவது, சூடு எல்லை தாண்டிவிட்டது, அதனால் செயலியின் வேகத்தைக் குறைக்கிறேன் என்று பொருள். அதற்கும் கீழே கடைசியில், "கிரிட்டிக்கல் டெம்பரேச்சர் ரீச்டு, ஷட்டிங் டவுன்". முன்னால் நேரமும் இருந்தது. முதல் வரியில் இருந்த நேரத்தை அதிலிருந்து கழித்தால் இருபது நிமிசத்துக்குப் பத்து விநாடி குறைவு! மூன்று நாளாக அது கத்திக்கொண்டே செத்திருக்கிறது. நாங்கள்தான் காது கொடுக்கவில்லை.

சூட்டை அளக்க சென்சார்ஸ் என்ற கட்டளை உண்டு. எல்எம் சென்சார்ஸ் என்ற தொகுப்பைப் போட்டால் வரும். சும்மா இருக்கும்போதே 78 டிகிரி காட்டியது. ஒரு வீடியோ போட்டதும் 96.

மூன்றாம் நாள் பின்மூடியைக் கழற்றினோம். பேட்டரியை முதலில் எடுத்துவிட வேண்டும். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும் என்பதால் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு உட்கார வேண்டும். எந்த ஸ்குரு எங்கே இருந்தது என்று ஒரு தாளில் படம் வரைந்து அதன் மேலேயே வைத்துக்கொண்டால் கடைசியில் ரெண்டு ஸ்குரு மிஞ்சாது.

ஃபேனைக் கழற்றினால், அதற்கும் சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று அடைத்துக்கொண்டு இருந்தது. நம்ம ஊர் தூசி எல்லாருக்கும் தெரியும். சாரல் சீசனில் குற்றாலத்துக்குத் தண்ணீர், நமக்குக் காற்றாலைகளைச் சுற்றிவிடும் காற்று மட்டும்தான். ஆனால் இது மண் தூசி இல்லை. பழுப்பு நிறம், விரலில் தேய்த்தால் காரமாக மணம். அம்மா வந்து உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். "இது நம்ம தூளுல்லா" என்றாள்.

புகையிலைத் தூள். அம்மா சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றும் அறையில்தான் அக்கா மடிக்கணினியை வைத்துப் படிப்பாள். ஃபேன் காற்றை உறிஞ்சும்போது அதையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது. அக்கா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு இருந்தாள். "இது ரெண்டு வருசத்துல சேந்தது. நீ இருபது வருசமா சுத்துத" என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் சுளவு திண்ணைக்கு வந்திருந்தது. அம்மா மூக்கை மூடித் துண்டு கட்டியிருந்தாள். இருமல் இப்போதும் இருக்கிறது. இந்த மாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம்.

ஃபேனைப் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். காற்று அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், கண்டபடி சுற்றவிட்டால் கெட்டுப்போகும். செயலிக்கும் தகட்டுக்கும் நடுவில் இருந்த பசை காய்ந்து பொருக்காகி இருந்தது. அதைத் துடைத்துவிட்டுப் புதுப் பசை ஓர் உளுந்து அளவு வைத்தேன். செல்போன் ரிப்பேர் செய்கிறவர்களிடம் சின்ன ஊசிக்குழலில் கிடைக்கும். நிறைய வைத்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். அது இடைவெளியை நிரப்பத்தான்.

மூடிவிட்டுப் போட்டேன். திரை கறுப்பு! மூன்று தடவை பீப் பீப் என்றது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. நினைவகப் பட்டையை எடுத்து, அதன் தங்க நிறப் பல்லைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, இரண்டு பக்கமும் 'கிளிக்' கேட்கும்வரை அழுத்தியதும் வந்துவிட்டது. நான் வேலை செய்யும்போது அது கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போது சும்மா இருக்கும்போது 49 டிகிரி. அக்காவின் நோட்ஸ் ஒரு வரிகூடப் போகவில்லை. பசைக்கான செலவு தவிர வேறு செலவில்லை.

எல்லாக் கோளாறும் சூடு இல்லை. அணைவதிலேயே வகை இருக்கிறது. எழுத்தே வராமல் பட்டென்று அணைந்தால் முதலில் சூட்டையும் மின்சாரத்தையும் சந்தேகப்படலாம். திரை முழுக்க எழுத்து வந்து அப்படியே நின்று, கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது கெர்னல் பானிக். மேற்கொண்டு ஓடினால் தகவல் கெட்டுவிடும் என்று கெர்னல் தானே நின்றுகொள்கிறது. அந்த எழுத்தைத் தாளில் எழுதிக்கொள்ளாமல் அணைத்துவிடாதீர்கள். பானிக் இல்லாமல் வெறுமனே உறைந்து போனால் பவர் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஒரு வழி இருக்கிறது. ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று ஒவ்வொன்றாக, நடுவில் கொஞ்சம் பொறுத்துத் தட்ட வேண்டும். எஸ் எழுதாமல் பாக்கி இருப்பதை வட்டில் எழுதும், யு வட்டை மேற்கொண்டு எழுத முடியாதபடி பூட்டும், பி திரும்பத் தொடங்கும்.

பதிவேட்டில் 'எரர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கழித்தல் போட்ட எண் வரும். நான் டெபியன் போட்ட அன்று வைஃபை வரவில்லை. வைஃபை கார்டு போய்விட்டது என்று அழுதேன். நோட்டில் 'ஃபர்ம்வேர்' கிடைக்கவில்லை, எரர் -2 என்று இருந்திருக்கிறது. 2 என்றால் அப்படி ஒரு கோப்பு இல்லை. கார்டு நன்றாகத்தான் இருந்தது, அதற்குள் ஏற்ற வேண்டிய கோப்புதான் இல்லை. டெபியனில் இப்படிப்பட்ட கோப்புகளை முன்பு தனியாகத் தேடிப் போட வேண்டியிருந்தது, 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பில் இருந்து கூடவே வருகிறது. நான் பழைய பதிப்பு சிடியைப் போட்டிருந்தேன். எரர் -5 என்றால் படிப்பதிலோ எழுதுவதிலோ கோளாறு. வட்டின் பெயரோடு இது அடிக்கடி வந்தால் வேறு எதுவும் செய்யாமல் முதலில் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். -12 என்றால் நினைவகம் போதவில்லை. -110 என்றால் கேட்டுக் கேட்டுப் பார்த்தும் பதில் வரவில்லை. யுஎஸ்பி வயர் லூசாக இருந்தால் எனக்கு இது வந்திருக்கிறது.

செங்கோட்டை தாண்டி மலை இறங்கினால் கேரளா. அங்கே பள்ளிக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ்தான். 2018-ல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் குழுக்களைத் தொடங்கி, நம்ம வயசுப் பிள்ளைகளுக்கே வன்பொருளும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம்ம பள்ளியிலும் லேபில் ஓரமாகத் துணி போட்டு மூடி வைத்திருக்கும் மூன்று கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்க்க சாரிடம் கேட்டிருக்கிறேன். அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார். கூட வர விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கோளாறு இருந்தால் பதிவேட்டின் கடைசிப் பத்து வரியைத் தாளில் எழுதி எடுத்து வாருங்கள். மதியச் சாப்பாட்டு பெல்லுக்கு அப்புறம் வேப்பமரத்தடியில் இருப்பேன். "ஓடலை" என்று மட்டும் வந்து சொன்னால் நானும் "போர்டு போயிட்டு" என்றுதான் சொல்லுவேன். செல்போனில் படம் பிடித்துக் கொண்டுவர வேண்டாம், வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள்.

– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி