புதிய அடுக்குமாடி வீடும் பராமரிப்புக் கட்டணமும்

ஏரிப் பாசனத்தில் பழகிய நம் அங்கத்தினர்களுக்குக் குடிமராமத்து என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஏரி எவர் ஒருவருக்கும் சொந்தமன்று. ஆகவே கரையையும் மதகையும் வாய்க்காலையும் பேணும் பொறுப்பு ஆயக்கட்டுதாரர் அனைவரையும் சார்ந்தது. சென்னையில் அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு வாங்குகிறவரும் இத்தகைய பொதுப் பொறுப்பு ஒன்றையும் சேர்த்தே வாங்குகிறார். மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, மோட்டார், காவலாளி, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றின் செலவில் ஒரு பங்கு மாதந்தோறும் அவரைச் சேரும். வீட்டின் விலையைப் பத்து இடங்களில் விசாரிப்பவர்கள் கூட இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. நம் அங்கத்தினர்களின் மக்கள் பலர் பட்டணத்தில் வேலைக்கமர்ந்து வீடு தேடும் இக்காலத்தில், இதனை அறிந்திருத்தல் அவசியமாகும்.

அடையாற்றிலுள்ள காந்தி நகர், சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஒரு கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் முயற்சியால் உருவானது. அன்று எழுந்தவை தனி மனையில் தனி வீடுகள். கூரை ஒழுகினால் வீட்டுக்காரரே பார்த்துக்கொண்டார். இன்று அங்கும், மயிலாப்பூரிலும் தியாகராயநகரிலும், பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழுகின்றன. அவற்றின் பராமரிப்பை முதலில் கையில் வைத்திருப்பவர் கட்டட நிறுவனத்தாரே. கட்டணத்தை அவர்கள் முன்பணமாக வாங்கிக்கொள்வது வழக்கம்.

உதாரணத்துக்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். விற்பனைப் பரப்பு 1,000 சதுர அடி. கட்டணம் சதுர அடிக்கு மாதம் 4 ரூபாய் என்று கொள்வோம். மாதம் 4,000 ரூபாய் ஆகிறது. இரண்டு ஆண்டு முன்பணம் 96,000 ரூபாய். இதன்மீது 18 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரி 17,280 ரூபாய். மூலநிதி, அதாவது ‘கார்ப்பஸ்’, சதுர அடிக்கு 50 ரூபாய் வீதம் 50,000 ரூபாய். ஆகமொத்தம் 1,63,280 ரூபாய், சாவி கைக்கு வருமுன் கட்டியாக வேண்டும். வங்கிக் கடனைக் கணக்கிட்டு வந்தவருக்கு இத்தொகை திடீரென்று முளைத்ததாகத் தோன்றும். உள்ளே புழங்கும் பரப்பு 700 சதுர அடியே இருக்கலாம். ஆயினும் கட்டணம் 1,000 சதுர அடிக்கே போடப்படும். எந்தப் பரப்பின்மீது என்பதை ஒப்பந்தத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இக்கணக்கில் வரியை மட்டும் மறுபடி கவனியுங்கள். அதே 4,000 ரூபாயைக் குடியிருப்போர் சங்கம் தன் அங்கத்தினரிடம் வசூலித்தால் வரியே இல்லை. மாதம் ஒருவருக்கு 7,500 ரூபாய் வரையில் சங்கத்துக்கு விலக்கு உண்டு. அதற்கு மேற்பட்டால் மிகுதித் தொகைக்கே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டு ஜூலையில் தீர்ப்பளித்தது. கட்டட நிறுவனத்தார் வசூலிக்கையில் இவ்விலக்குக் கிடையாது. ஆகவே கட்டணம் எவ்வளவு என்பதைவிட, யார் வசூலிக்கிறார், எத்தனை காலத்துக்கு என்பதே முக்கியமான கேள்வி.

2016-ஆம் ஆண்டின் மத்திய மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் இதற்குத் துணை நிற்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு முன்பதிவு நடந்த மூன்று மாதத்துக்குள் வாங்கியோர் சங்கம் அமைய நிறுவனத்தார் வழிசெய்ய வேண்டும். சங்கம் ஏற்கும் வரையில் நியாயமான கட்டணத்தில் அவர்களே பராமரிக்க வேண்டும். வாங்கியவரும் தம் பங்கை உரிய காலத்தில் செலுத்தக் கடமைப்பட்டவர். தகராறு எழுந்தால் தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் முறையிடலாம். ஆனால் ஒன்று: மனை 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டுக்கு, மிகாமலோ வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் அத்திட்டத்தைப் பதிவு செய்வது கட்டாயமன்று. மயிலாப்பூரின் குறுகிய தெருக்களில் இத்தகைய சிறு கட்டடங்கள் உண்டு. அங்கே வாங்குவோர் எல்லா நிபந்தனைகளையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது நல்லது.

கட்டணம் மிகக் குறைவாகச் சொல்லப்பட்டாலும் மகிழ வேண்டாம். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீருக்கே அடுக்ககங்கள் பெருந்தொகை செலவிட்டன. அச்செலவை எந்த விளம்பரத் தாளும் முன்கூட்டிச் சொல்லாது. பக்கத்துக் கட்டடத்தில் குடியிருப்பவரிடம் சென்ற கோடையின் தண்ணீர்ச் செலவைக் கேட்டால் உண்மை தெரியும்.

மூலநிதி மாதச் செலவுக்கு உரியதன்று. மின்தூக்கி மாற்றுதல், வெளிச்சுவர் வண்ணம் பூசுதல் போன்ற பெருஞ்செலவுக்கு உரியது. தறிக்காரர் ஒருவர் நூலுக்கென்று ஒதுக்கிய பணத்தில் பண்டிகை கொண்டாடினால் அடுத்த பாவு எப்படி ஏறும்? இந்நிதி எந்த வங்கிக் கணக்கில், யார் பெயரில் இருக்கிறது, வட்டி யாருக்கு, சங்கத்திடம் எந்தத் தேதியில் ஒப்படைக்கப்படும் என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். முன்பணத்தில் செலவு போக மிஞ்சியதும் தணிக்கை செய்த கணக்குடன் சங்கத்துக்கு வரவேண்டும். வீடு ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் முப்பது நாளில் இலவசமாகச் சரிசெய்யும் கடமை நிறுவனத்தாருடையது. அச்செலவைப் பராமரிப்புக் கணக்கில் எழுதியிருந்தால் சங்கத்தின் பொதுக்குழு அதை ஏற்க மறுக்கலாம்.