9900 என்று போட்ட செல்லை வாங்கலாமா?



எங்கள் சேத்தியாத்தோப்புப் பக்கம் ராத்திரியில் வயலுக்குத் தண்ணி கட்டப் போகிறவர்கள் தலையில் மாட்டுகிற சார்ஜ் டார்ச்சை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது ஒரு லித்தியம் அயனி செல். விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. என்பதால் அதன் பெயரே 18650. 2019-ல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட மின் சிகரெட்டுகள் பலவற்றிலும் இதே செல்தான்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் மனு எழுதுவதிலிருந்து பேட்டரி பார்ப்பது வரை என் தலையில்தான். போன வருஷம் அப்பா ஒரு செல் வாங்கி வந்தார். மேலே 9900 மில்லி ஆம்பியர் மணி என்று பெரிதாக அச்சு. "நம்பர் பெருசா இருக்குடா, விடிய விடிய எரியும்னு கடைக்காரன் சொன்னான்" என்றார்.

எரியாது. இந்த அளவுள்ள செல்லில் நல்ல கம்பெனிகளே ஏறக்குறைய 3500-தான் தருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 9900 உண்மையானால் 1 ஆம்பியர் சார்ஜரில் நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகணும். அப்பா வாங்கியது ஒன்றரை மணியில் பச்சை விளக்கு காட்டியது. லேபில் கிளேஸ் பொடி நிறுக்கும் தராசில் வைத்தேன், 31 கிராம். நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும்.

காசு போனது ஒரு பக்கம். ஆபத்து என்ன? செல்லுக்குள் நேர் தகட்டையும் எதிர் தகட்டையும் பிரித்து வைப்பது ஒரு பிளாஸ்டிக் சவ்வு. கனம் சுமார் 20 மைக்ரான், அதாவது தலைமுடியை விடக் குறைவு. பாலிஎத்திலீன் சவ்வு 130 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும். உருகிச் சுருங்கினால் இரண்டு தகடும் தொட்டுக்கொள்ளும், சூடு சூட்டை வளர்க்கும், தீதான். இதற்காகத் தரமான செல்களில் பலவற்றில் சவ்வின் மேல் மெல்லிய அலுமினா பூச்சு கொடுக்கிறார்கள். ஆமாம், விருத்தாசலத்தில் நாம் பால் மில்லில் அரைக்கிற அதே அலுமினாதான்! 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் சவ்வு சுருங்காமல் தாங்கிப் பிடிக்கிறது. போலி செல்லுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பழைய லேப்டாப் செல்லுக்குப் புது உறை மாட்டியும் விற்கிறார்கள்.

வாங்கும்போது ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் பாருங்கள். அடுத்து, செல் எத்தனை ஆம்பியர் தொடர்ந்து தாங்கும் என்று கேளுங்கள். பலர் இதை மறந்து விடுகிறார்கள். நிறையச் சேமிக்கும் செல் பெரும்பாலும் குறைந்த கரண்ட்தான் தாங்கும். ஓம் விதிப்படி 4.2 வோல்ட் செல்லில் 0.2 ஓம் சுருளை மாட்டினால் 21 ஆம்பியர் இழுக்கும். 8 ஆம்பியர் செல் அங்கே கொதித்து விடும். டார்ச்சுக்கு இரண்டு மூன்று ஆம்பியர் போதும். அதற்குப் பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல் நல்லது. அது சில மி.மீ. நீளம் கூட இருக்கும், டார்ச்சில் அடங்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

உறை கிழிந்த செல் வேண்டவே வேண்டாம். மேல் முனையைத் தவிர உடம்பு முழுக்க எதிர் முனை. சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு போட்டால் ஷார்ட் ஆகும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்த செல்லையும் திரும்பச் சார்ஜ் போடக் கூடாது.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் சிக்கித் தகப்பனும் மகளும் இறந்தார்கள். எங்கள் ஊரில் கூரை வீட்டுத் தட்டி ஓரம், படுக்கைக்குப் பக்கத்தில்தான் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறுகிறது. ஆள் விழித்திருக்கும்போது, வாசல் சிமெண்ட் தரையில் போடச் சொல்லுங்கள். மண் தரையானால் நம் துறையில் கழித்துப் போட்ட டைல்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அடியில் வையுங்கள்.