இந்தப் பேச்சை எங்க புடிச்சுச்சு?



சாயங்காலம் பிள்ளைமடுவத்து வாசலில் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. கொழுந்து நிறுத்துவிட்டு ஓடிவருகிற தாய் பிள்ளையைத் தூக்குவார். பிள்ளை ஏதோ ஒரு சொல்லைச் சொல்லும். தாயின் முகம் மாறிப்போகும். "இந்தப் பேச்ச எங்க புடிச்சுச்சு? இங்கதானே விட்டுட்டுப் போறோம்!" டீச்சரும் விடமாட்டார். "எங்ககிட்ட இல்லம்மா, ஒங்க லயத்துல கேட்டுட்டு வருது." இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

பிள்ளைக்கு ஒரு வயதையொட்டி முதல் சொல் வரும். இரண்டு வயதாகும்போது "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கும். அதற்குப் பிறகு நாள்தோறும் புதுச்சொல்தான். நாம் கொழுந்து எடுக்கும்போது இரண்டு இலையும் ஒரு குருத்தும் பார்த்துக் கிள்ளுகிறோம். பிள்ளைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. முத்தல் இலை, புல்லு, சருகு எல்லாத்தையும் கூடையில போட்டுக்கிட்டு வரும். அதிலும் எந்தச் சொல்லைச் சத்தமாக, கோபத்தோடு, சிரிப்போடு சொல்கிறோமோ அதைத்தான் முதலில் எடுக்கும். சம்பள நாள் ராத்திரி தவறணையிலிருந்து திரும்பியவர் வாசலில் நின்று சொன்னது காலையில் பிள்ளையின் வாயில் இருப்பது அதனால்தான்.

கெட்ட வார்த்தையை முதலில் எடுத்துக்கொள்வோம். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அதன் அர்த்தம் தெரியாது. அதைச் சொன்னால் பெரியவங்க என்ன செய்றாங்க என்பது மட்டும் தெரியும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? முதல் தடவை சொன்னதும் எல்லாரும் சிரிக்கிறோம். மாமா வந்தால் "அதச் சொல்லு பாப்போம்" என்று சொல்லிக்காட்ட வைக்கிறோம். அடுத்த வாரம் விருந்தாளி முன்னால் அதே சொல்லைச் சொன்னதும் முதுகில் ஒன்று போடுகிறோம். போன வாரம் சிரிப்பு, இந்த வாரம் அடி. பிள்ளை எதைப் படிக்கும்? இது பெரிய சொல், இதைச் சொன்னா எல்லாரும் நம்மளப் பாக்குறாங்க என்பதைத்தான் படிக்கும்.

ஆகவே சிரிக்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "அது வேணாம். கோவம் வந்தா 'எனக்குக் கோவம்'னு சொல்லு" என்று மாற்றுச் சொல் ஒன்றைக் கையில் கொடுங்கள். மாற்றுச் சொல் இல்லாமல் "சொல்லாதே" என்று மட்டும் சொன்னால், கோபம் வருகிற நேரத்தில் அதற்கு வேறென்ன இருக்கிறது? பழைய சொல்லைத்தான் தேடும். இது ஒரு நாளில் நடக்காது, சில வாரம் பிடிக்கும். ஆனால் பெரியவர்கள் அதே சொல்லை வீட்டில் புழங்கிக்கொண்டே இருந்தால் இந்த வேலை ஒருநாளும் முடியாது. இதை அப்பாமார் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு முறைப்பாடு சிங்களச் சொல். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விளையாடிவிட்டு வந்து, சோற்றைத் தள்ளி "எபா" என்கிறது, தண்ணிக்கு "வத்துர" என்கிறது. தமிழ் மறந்துபோகுமோ என்று தாய் பயப்படுகிறார். வீட்டில் நாம் தமிழில் பேசிக்கொண்டிருந்தால் மறக்காது. இரண்டு மொழி கேட்கிற பிள்ளை கொஞ்ச காலம் கலந்து பேசுவது இயல்புதான், பிறகு தானாகவே பிரித்துக்கொள்ளும். கந்தோரில் சிங்களப் படிவத்தை வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! சும்மா கிடைக்கிற மொழியை ஏன் தடுக்க வேண்டும்?

மூன்றாவதுதான் என் மனதை உறுத்துவது. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தாய் கொழும்பில் வேலை, பிள்ளை அப்பாயியிடம் வளர்ந்தான். தீபாவளிக்கு வந்த தாயிடம் பிள்ளை, "அங்கிட்டுப் போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. "அத்த, இப்பிடிப் பேசிப் பழக்காதீங்க. நாளைக்கி டவுன்ல நர்சரிக்குப் போனா சிரிப்பாங்க" என்றார். அவரையும் கொழும்பில் ஒரு கடையில், "தோட்டத்து ஆளா?" என்று பேச்சை வைத்தே கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அந்தக் காயம் மகனுக்கு வரக்கூடாது என்றுதான் சொன்னார். அதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

மருமகள் சொன்னதை அப்பாயி அப்படியே எடுத்துக்கொண்டார். பேரனோடு பேசுவதைக் குறைத்தார். போனில் கார்ட்டூன் போட்டு முன்னால் வைத்தார். அதிலாவது நல்ல தமிழ் பேசுறாங்க என்று நினைத்தார். நாலு மாதம் போனது. பிள்ளை போனில் வருகிற பாட்டை, சத்தத்தை எல்லாம் அப்படியே ஒப்பிப்பான். ஆனால் தண்ணி வேணும் என்றால் வாய் திறக்கமாட்டான், சேலையைப் பிடித்து இழுப்பான்.

கிளினிக்கில் மிட்வைப் மிஸ்ஸி, "வீட்ல புள்ளயோட யாரு பேசுறது?" என்று கேட்டார். நானும் அங்கே இருந்தேன். அப்பாயி தலையைக் குனிந்துகொண்டு, "எம்பேச்சு நல்லாருக்காதுங்க மிஸ்ஸி, அதான் பேசுறதில்ல" என்றார்.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, திருநெல்வேலி என்று பல ஊர்களிலிருந்து நம் பாட்டன் பூட்டன் கொண்டுவந்த பேச்சு. மதுரைப் பக்கம் இன்றைக்கும் "அங்கிட்டு, இங்கிட்டு" என்றுதான் சொல்கிறார்கள். லயம், பிரட்டு என்பவை இங்கிலீஷிலிருந்து தோட்டத்துக்கு வந்த சொற்கள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர் வீட்டிலும் மேசை, அலுமாரி, ஜன்னல், பாண் இருக்கும். அவையெல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். யாழ்ப்பாணத்தார் கதைக்கிறார்கள், நாம் பேசுகிறோம். புத்தகத் தமிழ் யார் வீட்டிலும் பிறந்ததல்ல, எல்லாப் பிள்ளையும் பள்ளியில்தான் அதைப் படிக்கிறது. வீட்டில் நிறையச் சொல் கேட்டு வந்த பிள்ளைக்கு அது சுலபமாக வரும். சொல்லே கேட்காமல் வந்த பிள்ளைதான் கஷ்டப்படும்.

போன் அந்த இடத்தை நிரப்பாது. பிள்ளை ஒரு சொல் சொன்னால் திருப்பிப் பதில் சொல்ல அதற்குத் தெரியாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட ஆலோசனையும் இதையொட்டியதுதான்: இரண்டு வயது ஆகும்வரை பிள்ளையைத் திரைக்கு முன்னால் உட்கார வைக்கவே வேண்டாம், இரண்டு வயதுக்குமேல் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட வேண்டாம்.

மிஸ்ஸி அப்பாயிடம் புதிதாக எதையும் செய்யச் சொல்லவில்லை. "ரொட்டி தட்டுறப்ப, கீர ஆயுறப்ப, கோழிக்கித் தீனி போடுறப்ப என்ன செய்றீங்களோ அத வாயால சொல்லுங்க. அவன் ஒண்ணு சொன்னா நீங்க ரெண்டாச் சொல்லுங்க" என்றார். 'கோழி' என்று அவன் சொன்னால், 'ஆமா, செவப்புக் கோழி, அது தீனி திங்குது' என்று இவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தாயும் ராத்திரி போன் எடுத்தால் முதலில் மகனோடு பேசிவிட்டுத்தான் மற்றப் பேச்சு என்று வைத்துக்கொண்டார். தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள், அப்படிப் போனில் இருந்தபோதே பிள்ளை கத்தியிருக்கிறான்: "அம்மா, அங்கிட்டு மழ வருது!" தாய் அந்தச் சொல்லைத் திருத்தவில்லை. "அப்பிடியா? இங்கிட்டு இன்னும் வரலியே" என்றாராம்.

சில பிள்ளைகள் ரயிலை 'லயில்' என்பார்கள், பழத்தைப் 'பயம்' என்பார்கள். ர, ழ போன்ற ஒலிகள் பிந்தித்தான் வரும். நாலைந்து வயது வரை அப்படி இருந்தால் கேலி செய்யாமல், நீங்கள் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளை, பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளை, பேசிக்கொண்டிருந்து பேச்சை நிறுத்திய பிள்ளை இருந்தால், 'வளர வளரச் சரியாப் போகும்' என்று இருந்துவிடாதீர்கள். காது கேட்பதில் குறை இருக்கலாம். அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் மிட்வைப் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். போகும்போது பிள்ளையோடு பகலில் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.