ஊதாப் படிகம், சாக்லேட், கீரை: அறிவியல் அரட்டை பற்றிய சில நம்பிக்கைகள்

ஓர் அறிவியல் செய்தி இணையத்தில் பற்றிக்கொண்டால் ஒரு கூட்டம் உடனே மீம் போடக் கிளம்பும். இன்னொரு கூட்டம், “படித்தவர்கள் பேச வேண்டிய விஷயத்தில் இவர்களுக்கு என்ன வேலை?” என்று கடிந்துகொள்ளும். ஜெர்மனியில் உள்ள நம் தமிழ்க் குழுக்களிலும் இதேதான். ஆராய்ச்சி மாணவர்கள், கார் கம்பெனிப் பொறியாளர்கள், எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்து இங்கேயே பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். வந்த செய்தியைக் கிண்டலடிப்பவர்களும் உண்டு, அப்படியே நம்பிப் பத்துப் பேருக்கு அனுப்புபவர்களும் உண்டு. இந்தப் பேச்சைப் பற்றி நம்மிடம் ஊறிப்போன சில எண்ணங்களை, பெரும்பாலும் ஜெர்மனியில் நடந்தவற்றை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

நம்பிக்கை: இணையத்தில் அறிவியல் பேசுவது வெட்டிப்பேச்சு, அதனால் அறிவியலுக்கு ஒரு பயனும் இல்லை.

2023 ஜூலை 22. தென் கொரியாவின் சோல் நகரில் ஒரு சிறிய ஆய்வு மையத்தைச் சேர்ந்த லீ சுக் பே, கிம் ஜி ஹூன் குழுவினர் ஆர்க்சைவ் தளத்தில் இரண்டு கட்டுரைகளை ஏற்றினார்கள். ஆய்விதழில் வெளிவருவதற்கு முன்பே கட்டுரைகளைப் பொதுப் பார்வைக்கு வைக்கிற தளம் அது. ஈயம், செம்பு, பாஸ்பரஸ், ஆக்சிஜன் நான்கும் சேர்ந்த எல்கே-99 என்ற பொருள் சாதாரண வெப்பத்தில், சாதாரணக் காற்றழுத்தத்தில், துளித் தடையும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது என்றார்கள். அதாவது, அறை வெப்ப மீக்கடத்தி.

இது எவ்வளவு பெரிய செய்தி? ஆஸ்பத்திரி எம்ஆர்ஐ இயந்திரத்தின் மீக்கடத்திச் சுருள்களைத் திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. வட ஜெர்மனியில் கிரைஃப்ஸ்வால்ட் நகரின் அணுப்பிணைவு இயந்திரமான வென்டெல்ஸ்டைன் 7-எக்ஸின் 70 சுருள்களுக்கும் இதே பாடுதான். ஜெர்மானியரான கியோர்க் பெட்னோர்ட்ஸும் சுவிட்சர்லாந்தின் அலெக்ஸ் முல்லரும் 1986இல் செம்பு ஆக்சைடு மீக்கடத்திகளைக் கண்டுபிடித்து, மறு ஆண்டே நோபல் பரிசு பெற்றார்கள். அந்த வகையில் மிகச் சிறந்ததற்குக்கூட, சாதாரண அழுத்தத்தில், ஏறத்தாழ மைனஸ் 140 டிகிரிக் குளிர் வேண்டும். கொரியர்கள் சொன்னதோ 127 டிகிரிச் சூடு வரைக்கும் வேலை செய்யும் என்று.

இணையம் அல்லோலகல்லோலப்பட்டது. கூடவே ஒரு வீடியோவும் வந்திருந்தது. காந்தத்தின் மேல் ஒரு கருஞ்சாம்பல் துண்டு. அதன் ஒரு விளிம்பு காந்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, மறு விளிம்பு அந்தரத்தில் தூக்கி நிற்கிறது. அந்தப் பாதி மிதப்பை வைத்துப் பிறந்த கேலிப் படங்களுக்குக் கணக்கே இல்லை. செய்முறையும் எளிது. ஈயச் சேர்மங்களில் ஒரு கலவை, செம்பையும் பாஸ்பரசையும் சேர்த்து இன்னொன்று. இரண்டையும் பொடியாக அரைத்துக் காற்று நீக்கிய குழாயில் அடைத்து 925 டிகிரியில் சுட்டெடுக்க வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் தன் பட்டறையில் இதைச் செய்வதை நேரலையாகவே காட்டினார்.

இந்தக் கூத்துக்கு நடுவேதான் உருப்படியான வேலையும் நடந்தது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் வி.பி.எஸ். அவானா குழு, பத்து நாளுக்குள் பொருளைச் செய்து பார்த்து, மீக்கடத்தல் இல்லை, காந்தத்தின் மேல் மிதக்கவும் இல்லை என்று அறிவித்தது. ஹார்வர்டில் முன்பு ஆய்வு செய்த டெரிக் வான்கென்னெப், கிராஃபைட் தூளை அழுத்தி இரும்புத்தூளை ஒட்டி ஒரு வில்லை செய்து, அதே பாதி மிதப்பை வீடியோ எடுத்துப் போட்டார். மீக்கடத்தி எதுவும் இல்லாமலே அந்தக் காட்சி கிடைக்கும் என்று தெரிந்துபோனது. இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின், கொரியர்கள் மின்தடை சட்டென்று விழுந்ததாகச் சொன்ன 104.8 டிகிரி என்ற எண்ணைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். செம்பு சல்ஃபைடு தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் வெப்பம் அதை ஒட்டியதுதான். அந்தச் செய்முறையிலோ செம்பு சல்ஃபைடு கழிவாக உருவாகிக் கலந்துவிடுகிறது.

முடிவு ஸ்டுட்கார்ட்டில் வந்தது. அங்குள்ள மாக்ஸ் பிளாங்க் திண்மநிலை ஆய்வு நிறுவனத்தில் பாஸ்கல் புஃபால் குழுவினர் கந்தகம் சேராத வேறொரு முறையில் எல்கே-99ஐத் தூய படிகமாகவே வளர்த்தார்கள். வீடியோவில் கண்ட கரித்துண்டு போல அது இல்லை. ஊதா நிறம், ஒளி ஊடுருவும் படிகம். அளந்து பார்த்தால் அதன் மின்தடை பல லட்சம் ஓம். தடையே இல்லாமல் கடத்துவதாகச் சொல்லப்பட்ட பொருள் உண்மையில் மின்சாரத்தைக் கடத்தாத பொருள். இதை அவர்கள் வெளியிட்டது ஆகஸ்ட் நடுவில். கொரியக் கட்டுரை வந்து மூன்றரை வாரம்கூட முழுதாக ஆகவில்லை.

மீம்கள்தான் இதைக் கண்டுபிடித்தன என்று நான் சொல்லவரவில்லை. எத்தனை பேர் “நம்புகிறேன்”, “நம்பவில்லை” என்று வாக்களித்தாலும் ஒரு ஓம்கூட மாறியிருக்காது. ஆனால் அந்தச் சத்தம் இருந்ததால்தான் உலகம் முழுக்க இத்தனை ஆய்வகங்கள் கைவேலையைப் போட்டுவிட்டு உலையைப் பற்றவைத்தன. ஒருவர் அளந்ததை மற்றவர் அன்றைக்கே பார்த்தார், குறை சொன்னார், மறுபடி அளந்தார். செய்முறையை யாரும் மறைக்காததும், தோற்றுப்போனதையும் பொதுவில் வைத்ததும்தான் இதற்குக் காரணம். இணைய விவாதத்தில் நான் மதிப்பது இதைத்தான்.

நம்பிக்கை: ஆய்விதழில் வந்தது உண்மை, அதன் கீழே சாதாரண ஆட்கள் எழுதுவது பிதற்றல்.

ரைன் நதிக்கரையில் உள்ள மைன்ஸ் நகரத்தின் 2015ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தில் மிகையீல் எரெமெட்ஸ் குழு, ஹைட்ரஜன் சல்ஃபைடை அசாத்திய அழுத்தத்தில் நசுக்கி, மைனஸ் 70 டிகிரியில் மீக்கடத்தல் நடப்பதைக் காட்டியது. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோதும் அது உறுதியானது.

அதே ஆண்டு, அதே மைன்ஸ் முகவரியோடு இன்னோர் ஆய்வும் வந்தது. கார்போஹைட்ரேட் குறைத்த உணவோடு தினம் 42 கிராம் கறுப்பு சாக்லேட் சாப்பிட்டால் எடை சீக்கிரம் குறையும் என்றது. ‘இன்டர்நேஷனல் ஆர்கைவ்ஸ் ஆஃப் மெடிசின்’ என்ற ஆய்விதழில் வெளியானது. ஜெர்மனியின் பெரிய நாளிதழான ‘பில்ட்’ முதல் பக்கத்தில் போட்டது. பல நாட்டுப் பத்திரிகைகள் எடுத்து எழுதின. மே மாதம் உண்மை வெளிவந்தது. ஆசிரியர் ‘யோஹன்னஸ் போஹானன்’ உண்மையில் அமெரிக்க அறிவியல் பத்திரிகையாளர் ஜான் போஹானன். அவர் பணியாற்றுவதாகச் சொன்ன உணவு ஆய்வு நிறுவனம் வெறும் ஓர் இணையப் பக்கம். ஜெர்மன் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் பீட்டர் ஓனெக்கனும் டயானா லோப்லும், உணவு ஆய்வுகளை ஊடகங்கள் எப்படி விழுங்குகின்றன என்று காட்டுவதற்காக நடத்திய ஏற்பாடு அது.

ஆய்வில் மனிதர்கள் கலந்துகொண்டது உண்மை, எடை பார்த்ததும் உண்மை. கோளாறு கணக்கில் இருந்தது. கடைசிவரை நின்றவர்கள் 15 பேர்தான். அவர்களிடம் எடை, கொழுப்பு, தூக்கம், மனநிலை என்று 18 விஷயங்களை அளந்தார்கள். ஒவ்வொன்றிலும் தற்செயலாகவே ஒரு வித்தியாசம் தென்படுவதற்கு இருபதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பதினெட்டையும் சேர்த்துப் பார்த்தால், ஏதாவது ஒன்றிலாவது ‘கண்டுபிடிப்பு’ கிடைக்கும் வாய்ப்பு 60 சதவீதம். கிடைத்தது எடை; அதையே தலைப்பாக்கினார்கள். கலந்துகொண்டவர்களிடம் நோக்கத்தைச் சொல்லாமல் ரத்தம் எடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் அந்தச் செய்தியாளர்கள் காட்டியது பெரிய பாடம்.

அதில் எனக்கு மிகப் பிடித்த பகுதியைப் பலரும் குறிப்பிடுவதில்லை. ஏமாந்தவர்கள் பத்திரிகைக்காரர்கள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர்கள் பெயர் தெரியாத வாசகர்கள். ‘ஃபோகஸ்’ இதழின் இணையச் செய்திக்குக் கீழே ஒருவர், இந்த நிறுவனத்தின் இணைய முகவரியே மார்ச் தொடக்கத்தில்தான் பதிவானது, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமலே எல்லோரும் பரப்புகிறார்கள் என்று எழுதியிருந்தார். உடற்பயிற்சி ஆர்வலர் ஒருவர், சாப்பிட்டவர்களின் கலோரியை ஏன் கணக்கெடுக்கவில்லை என்று கேட்டார். போஹானனே இவற்றை எடுத்துச் சொல்லிப் பாராட்டினார்.

பெரிய ஆய்விதழ் என்றாலும் இதே கதைதான். இலங்கையில் பிறந்த ரங்கா டயஸ் அமெரிக்காவில் செய்த அறை வெப்ப மீக்கடத்தி ஆய்வுகள் இரண்டும் ‘நேச்சர்’ இதழில் வந்தன. ஒன்று 2022இல், மற்றொன்று 2023இல் திரும்பப் பெறப்பட்டது. முதல் கட்டுரையின் தரவைப் பற்றிப் பொதுவெளியில் விடாப்பிடியாகக் கேள்வி கேட்டவர் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ். வாக்குவாதம் முற்றி, ஆர்க்சைவ் தளம் அவரையே ஆறு மாதம் தடைசெய்த சம்பவமும் நடந்தது. பேச்சின் சூட்டை வைத்துக் கேள்வியின் தரத்தை எடைபோட முடியாது.

நம்பிக்கை: அறிவியலைக் கேலி செய்தால் அதன் மரியாதை போய்விடும், ஜெர்மானியர்கள் இதில் ரொம்பக் கறார்.

‘சிரெம்பெல்’ என்பது ஜெர்மன் மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புரட்டும் மருத்துவ அகராதி. நகைச்சுவைக் கலைஞர் லோரியோ 1976இல் தொலைக்காட்சியில், விலங்கியல் நிகழ்ச்சிகளைக் கேலி செய்து, கல்லைத் தின்னும் ஒரு பேனைக் கற்பனையாக உருவாக்கினார். எண்பதுகளில் அந்தப் பேன் லத்தீன் பெயரோடு சிரெம்பெலுக்குள் நுழைந்தது. தொண்ணூறுகளில் ஒரு பதிப்பில் அதை நீக்கியபோது வாசகர்கள் சண்டை போட்டார்கள். 1997இல் திரும்ப வந்துவிட்டது. அதனால் அந்த அகராதியின் மரியாதை ஒன்றும் குறைந்துவிடவில்லை. படிப்பவருக்கு அது கேலி என்று தெரியும், அவ்வளவுதான். கேலி என்ற அடையாளம் உதிர்ந்து, செய்தி மட்டும் தனியே நடமாடத் தொடங்கும்போதுதான் ஆபத்து.

நம்பிக்கை: தவறைத் திருத்துகிற பதிவு சரியாகத்தான் இருக்கும்.

பசலையில் இரும்புச்சத்து அபாரம் என்று யாராவது எழுதினால் போதும், கீழே ஒருவர் வந்து திருத்துவார்: பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மன் வேதியியலாளர் தசமப் புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டார், அதனால் பத்து மடங்கு கூடிப்போனது, பொப்பாய் கார்ட்டூன் அதைப் பரப்பியது என்று. கேட்கவே சுவையாக இருக்கும். நம்மூர் முருங்கைக்கீரைப் பதிவுகளின் கீழேயும் இதை ஒட்டவைக்கிறார்கள்.

இந்தக் கதை பரவக் காரணமானது பிரிட்டிஷ் மருத்துவர் டெரன்ஸ் ஹாம்ப்ளின் 1981இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் எழுதிய கட்டுரை. லேசான, விளையாட்டான கட்டுரைகளுக்கும் இடம் தரும் இதழ் அது. தசமப் புள்ளிக்கு அவர் எந்த ஆதாரமும் காட்டவில்லை. 2010இல் குற்றவியலாளர் மைக் சட்டன் மூலத்தைத் தேடிப் போனார். அப்படியொரு தசமப் பிழை நடந்ததற்குச் சான்றே அவருக்குக் கிடைக்கவில்லை. 1932இல் வந்த கார்ட்டூனில் பொப்பாயே தான் பசலை தின்பது வைட்டமின் ஏ சத்துக்காக என்றுதான் சொல்கிறான். 2014இல் நார்வே ஆய்வாளர் ஓலே பியோர்ன் ரெக்டால் இன்னும் வருத்தம் தரும் ஒன்றைக் காட்டினார். மூலத்தைப் பார்க்காமல் எழுதாதீர்கள் என்று மற்றவர்களுக்கு அறிவுரை சொல்லும் கல்வியாளர்களே, இந்தத் தசமக் கதையை மூலத்தைப் பார்க்காமல் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்து எழுதியிருந்தார்கள்.

இன்றைய அளவீட்டில் 100 கிராம் பச்சைப் பசலையில் சுமார் 2.7 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கீரை வகைக்கு இது மோசமில்லை. ஆனால் அதில் சிறு பங்கைத்தான் உடல் எடுத்துக்கொள்கிறது. கூட ஒரு எலுமிச்சையைப் பிழிந்துகொண்டால், அதிலுள்ள வைட்டமின் சி காரணமாகக் கொஞ்சம் கூடுதலாகச் சேரும்.