வெட்டியும் வளரும் தழும்பு

(இரண்டாம் ஆண்டு, விலங்கியல் பிரிவு மாணவி)

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குக் காலையில் செல்லும் பேருந்தில் ஏறிப் பாருங்கள். கம்பியைப் பிடித்து நிற்கும் கைகளில் இரண்டொன்றிலாவது பளபளப்பாகத் தடித்த தழும்பு தெரியும். எங்கள் பக்கத்தில் அதை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. "எந்த வருஷம்?" என்று மட்டும் கேட்பார்கள். விபத்தைக் கேட்கிறார்கள் என்பது கேட்கப்பட்டவருக்கும் தெரியும். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோர் கணக்கு நாளிதழில் வருகிறது. பிழைத்தோரின் தோல் அதன் பிறகு என்ன செய்கிறது என்பது எந்த இதழிலும் வருவதில்லை. அதைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். என்னைப் படிக்க வைக்க வேண்டுமென்று பதினோராம் வகுப்போடு நின்று சரவெடி பின்னப் போனவள் என் அக்கா. அவள் பட்ட காயம் நாளிதழில் இடம் பெறும் அளவுக்குப் பெரிய விபத்தன்று. மருந்து கலக்கும் அறையில் திடீரென்று எழுந்த தீ, கதவோரம் நடந்துகொண்டிருந்தவளின் இடது தோளையும் கழுத்துக்குக் கீழே நெஞ்சின் மேற்பகுதியையும் தொட்டுவிட்டுப் போயிற்று. உள்ளங்கை இரண்டளவு புண். ஆறுவதற்கு ஐந்து வாரங்களுக்கு மேலாயின. ஆறிவிட்டது என்று அம்மா குலசாமிக்குப் பொங்கலிட்டாள். மூன்று மாதம் கழித்து அந்த இடம் அரிக்கத் தொடங்கியது, சிவந்தது, தடித்தது, புண் படாத தோலுக்குள்ளும் விரல் நீட்டி நடந்தது.

அடுத்த ஆண்டு ஒரு மருத்துவமனையில் அதனை வெட்டி எடுத்தார்கள். தையல் பிரித்த அன்று மெல்லிய கோடு மட்டுமே இருந்தது. "இனி வரவேண்டியதில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதத்தில் முன்னிருந்ததைவிடப் பெரிதாகத் திரும்ப வந்தது. "வெட்டி எடுத்தா போயிரும்னுதானே பாப்பா சொன்னாங்க" என்று அக்கா என்னைக் கேட்டாள். விலங்கியல் படிப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்று அவள் எண்ணம். எனக்கு அன்று ஒன்றும் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கத்திரிக்காயும் கருவாடும் முட்டையும் காரணம் என்றாள். ஒரு மாதம் வீட்டில் முட்டை நின்றது. புண்ணாற வேண்டிய உடம்புக்குப் புரதத்தை நிறுத்தினோம் என்பது பின்னால்தான் விளங்கியது. எந்தக் காய்கறியும் இத்தழும்பை உண்டாக்குவதில்லை.

தோலில் காயம் பட்டதும் முதலில் இரத்தம் உறைகிறது. பின்பு வெள்ளையணுக்கள் கூடிக் கிருமிகளையும் சிதைந்த செல்களையும் அகற்றுகின்றன. அதன் பின் நார்ச்செல்கள் வந்து கொலாஜன் என்னும் புரத இழைகளை நெய்து பிளவை நிரப்புகின்றன. இவ்வளவும் சில வாரங்களில் முடியும். பிறகு பல மாதங்கள் வேண்டாத இழைகள் கரைக்கப்பட்டு, வேண்டியவை ஒழுங்குபட்டு, தழும்பு தட்டையாகி நிறம் மங்குகிறது. நெய்வதும் கரைப்பதும் ஈடாக நடக்க வேண்டும். சிலருக்கு அந்த ஈடு கெட்டுவிடுகிறது. சிவகாசி அச்சகத்தில் வேண்டிய எண்ணிக்கை முடிந்தும் இயந்திரத்தை யாரும் நிறுத்தாமல் போனால் தாள் குவிந்துகொண்டே போகுமல்லவா? அதுபோல நார்ச்செல்கள் நிறுத்தாமல் கொலாஜனைக் குவிக்கின்றன. அவற்றை ஓயவிடாமல் தூண்டும் வேதிச் செய்திகளில் முதன்மையானது டி.ஜி.எஃப். பீட்டா என்பது.

இவ்வகைத் தழும்புக்குக் கீலாய்டு என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர் அலிபேர் வைத்த பெயர் இது. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அக்காவின் தோளைப் பார்த்தவர்கள் இப்பெயர் பொருந்தாது என்று சொல்ல மாட்டார்கள். தீப்புண்ணுக்குப் பின் வரும் தடித்த தழும்புகள் அனைத்தும் கீலாய்டு அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெரும்பாலானவை புண்ணின் எல்லைக்குள்ளேயே தடிக்கும். ஓராண்டு ஈராண்டில் தாமே ஓரளவு தணியும். கீலாய்டு எல்லை தாண்டும். தானாகத் தணிவது அரிது. முதல் வகையை அவசரப்பட்டு வெட்டுவது வீண். இரண்டாம் வகையை வெட்டுவதோடு விடுவது அதைவிட மோசம்.

ஏன் மோசம்? வெட்டு என்பதும் ஒரு காயமே. எந்தத் தோல் காயத்துக்குத் தவறாக மறுமொழி சொன்னதோ, அதே தோலில் புதுக்காயம் செய்கிறோம். தழும்பின் அளவுக்குத் தோலை எடுத்துவிட்டு ஓரங்களை இழுத்துத் தைப்பதால் இழுவிசையும் கூடுகிறது. ஜப்பானிய அறுவை மருத்துவர் ரெய் ஒகாவா முதலியோர் இவ்விழுவிசையைப் பெரிதும் ஆராய்ந்துள்ளனர். நெஞ்செலும்பின் மேல், தோள், மேல்முதுகு ஆகிய, அசையும்போதெல்லாம் தோல் இழுபடும் இடங்களில் கீலாய்டு மிகுதி. தளர்ந்த தோலையுடைய கண்ணிமையில் அது மிக அரிது. காதுமடல் மட்டும் இக்கணக்கில் சேராத விலக்கு; காதுகுத்தியபின் வரும் உருண்டைகளை ஊரில் எல்லாரும் கண்டிருப்போம். கருநிறத் தோலினருக்கும், பத்து முதல் முப்பது வயதுக்குட்பட்டோருக்கும், குடும்பத்தில் முன்னரே உள்ளோர்க்கும் இது கூடுதலாக வருகிறது. அக்காவுக்கு இதில் எதுதான் இல்லை! வெட்டுவதோடு மட்டும் நிறுத்தினால் நூற்றுக்கு 45 முதல் 100 வரை திரும்ப வருவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அக்காவின் தோளில் நடந்தது விந்தையன்று, எதிர்பார்க்க வேண்டியதே. அதை எங்களுக்கு யாரும் முன்னரே சொல்லவில்லை என்பதுதான் என் குறை.

பின்பு மதுரைப் பெரியாஸ்பத்திரியில் தோல்நோய்ப் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர் அம்மையார் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். கத்தி அரைப்பங்கு வேலையைத்தான் செய்யும், மீதி அரைப்பங்கு தையல் பிரித்த பிறகு தொடங்குகிறது, அதற்கு வருவீர்களென்றால் மட்டுமே வெட்டலாம் என்றார். அத்தாளை இன்னும் என் விலங்கியல் நோட்டில் வைத்திருக்கிறேன்.

அந்த மீதியில் முதலாவது ஊசி. டிரையாம்சினோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைத் தழும்புக்குள்ளேயே செலுத்துவது. இது 1960-களிலிருந்து வழக்கில் உள்ளது. அழற்சியை அடக்கி, நார்ச்செல்கள் கொலாஜன் நெய்வதை இது குறைக்கிறது. அக்காவுக்கு அறுவைக்கு முன்பே நான்கு வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை போட்டார்கள். கல்போன்ற தழும்புக்குள் ஊசி இறங்குவது எளிதன்று. மரத்துப்போகும் மருந்தைக் கலந்தும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. மூன்றாம் முறை தழும்பு சற்று இளகி ஊசி எளிதில் இறங்கியது. இரவில் தூங்கவிடாத அரிப்பும் அடங்கியது. இம்மருந்துக்குக் கெடுதலும் உண்டு. அளவு மிஞ்சினால் தோல் மெலிந்து வெளுக்கும். பெண்களுக்கு மாதவிலக்கு முறை தவறலாம். அக்காவுக்கு இரண்டு மாதம் அப்படி நேர்ந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்தபடியால் நாங்கள் அஞ்சவில்லை.

இரண்டாவது கதிர்வீச்சு. அறுவை முடிந்து ஓரிரு நாளுக்குள் தொடங்கிச் சில தவணைகளில் முடிப்பார்கள். புதிதாகப் பெருக வரும் நார்ச்செல்களை அது தடுக்கிறது. கீலாய்டுக்குக் கதிர்வீச்சு கொடுப்பது நூறாண்டுக்கு மேற்பட்ட முறை. இதனால் திரும்ப வருவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தோர் சொல்வர். அப்படியானால் அதையே கொடுத்துவிடலாமே என்று நான் கேட்டேன். மருத்துவர் மறுத்தார். வயது இருபத்தாறு, தழும்பு இருப்பது தைராய்டு சுரப்பிக்கும் மார்புக்கும் அருகில், பல்லாண்டு கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகச் சிறிதாயினும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார். வயது முதிர்ந்தவரின் காதுமடலாக இருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பாராம். புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்துக் கேட்ட எனக்கு இது புதுப்பாடம்.

மூன்றாவது சிலிக்கோன் தகடு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் தீக்காயக் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தோர் 1980-களின் தொடக்கத்தில் இதனை உலகுக்குத் தெரிவித்தார்கள். மெல்லிய, ஒட்டும் தகடு. தோலின் மேலடுக்கு வறண்டு போகாமல் காப்பதே இதன் வேலை என்று கருதப்படுகிறது. அந்த ஈரம் கீழேயுள்ள செல்களை அமைதிப்படுத்துகிறதாம். புண் நன்றாக மூடிய பின் நாள்தோறும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதமாவது, கூடுமானால் அதற்கு மேலும் ஒட்டியிருக்க வேண்டும். அடிலெய்டின் தட்பவெப்பம் எனக்குத் தெரியாது. விருதுநகரின் சித்திரை மாதம் தெரியும். முதல் வாரத்திலேயே வேர்க்குரு படர்ந்துவிட்டது. நான்கு மணி நேரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், தகட்டையும் தோலையும் நாள்தோறும் சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்துங்கள் என்றார்கள். இப்போது இரவு முழுதும் ஒட்டிக்கொண்டு, பகலில் கூரைத் தகரம் காய்கிற நேரத்துக்கு மட்டும் எடுத்துவிடுகிறாள்.

அழுத்த உடையும் உண்டு. உடலோடு இறுகிய உடையை நாள் முழுதும் மாதக்கணக்கில் அணிவது. கைகால்களுக்கு நன்று, காதுமடலுக்கு அழுத்தும் கம்மல்கூட உண்டு. தோளில் சரியாக அழுத்தம் நிற்பதில்லை என்பதால் அக்காவுக்கு அது கொடுக்கப்படவில்லை.

இரண்டாம் அறுவை சென்ற ஆண்டு தைமாதத்தில் நடந்தது. இம்முறை அடித்தசையுறையையே முதலில் சேர்த்துத் தைத்து, மேல்தோலில் இழுப்பில்லாமல் முடித்தார்கள். பல மாதங்களுக்குப் பளு தூக்கக்கூடாது, இடக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தக்கூடாது என்று கட்டளை. தையல் பிரித்த பின் மாதம் ஒருமுறை ஊசி.

இனி, நூல்களில் காணாத ஒன்றைச் சொல்கிறேன். மதுரைக்கு ஒருமுறை போய்வர முழுநாள் வேண்டும். இருவர் போக வேண்டும். ஆலையில் எண்ணிக்கைக்குக் கூலி. போகாத நாளுக்குக் கூலி இல்லை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஒருநாள் விடுப்புக் கேட்டாலே முகம் மாறும். ஊசி மருந்துக்கு நாங்கள் பணம் கொடுக்கவில்லை. அந்த நாளுக்குத்தான் கொடுத்தோம். எங்கள் தெருவில் இன்னொரு பெண் இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டாள். அவளுக்குத் தழும்பு திரும்பியதற்கு மருந்து காரணமா, பேருந்துக் கட்டணம் காரணமா? 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. தொடர் ஊசிகளை இனி அங்கேயே போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டு வைத்திருக்கிறோம். அது நடந்தால் முழுநாள் அரைநாளாகும்.

இன்னொன்று. தீப்புண் மூன்று வாரத்துக்குள் ஆறிவிட்டால் தடித்த தழும்பு வரும் வாய்ப்பு மிகவும் குறைவு. அதற்கு மேல் இழுக்க இழுக்க வாய்ப்பு ஏறுகிறது. ஆகவே ஆழமான புண்ணைத் தானே ஆறட்டும் என்று காத்திராமல், வெந்த தோலைச் சில நாளிலேயே அகற்றி வேறிடத்துத் தோலை ஒட்டிவிடுவது நலம். யூகோஸ்லாவியாவைச் சேர்ந்த ஜாஞ்செகோவிச் என்னும் பெண் மருத்துவர் 1970-இல் இம்முறையை நிலைநாட்டினார். தீப்பட்டவுடன் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுவதும் புண்ணின் ஆழத்தைக் குறைக்கும். அக்காவுக்கு அன்று ஆலையில் தடவியது பேனா மை. மையின் கீழே புண் எவ்வளவு ஆழம் என்று மருத்துவருக்கே முதல்நாள் தெரியவில்லை. இவ்விதழைப் படிக்கும் நம் தோழர்களில் பாதிப்பேரின் வீட்டில் யாராவது ஒருவர் ஆலைக்குப் போகிறவராக இருப்பார். தண்ணீர்ச் செய்தியை மட்டுமாவது இன்றிரவே சொல்லிவிடுங்கள்.

அக்காவின் தோளில் இப்போது கோடு ஒன்று இருக்கிறது. நெஞ்சுப்பக்க முனையில் மட்டும் பயறளவு தடிப்பு மூன்றாம் மாதத்தில் தலைகாட்டியது. முன்போலானால் வளர்ந்து முடியும்வரை பார்த்திருப்போம். இம்முறை அடுத்த வாரமே ஊசி போட்டார்கள், படிந்துவிட்டது. இரண்டாண்டு முடியாமல் வெற்றி என்று சொல்லாதீர்கள் என்று மருத்துவர் அம்மையார் எச்சரித்திருக்கிறார். அக்கா இப்போது ஆலைக்குப் போகவில்லை. வீட்டிலிருந்தே அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஊசி நாட்களை நான் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வட்டம் வரும் செவ்வாய்க்கிழமை. அன்று எனக்குத் தவளை எலும்புக்கூடு செய்முறை வகுப்பு. பேராசிரியரிடம் அனுமதி கேட்டாயிற்று.