திக்கி ஓடும் காணொலி: பழுது எங்கே இருக்கிறது?

பாடத்துக்காகச் சொந்தமாகக் காணொலி எடுக்கும் ஆசிரியர்கள் இன்று எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். எடுத்ததை வகுப்பில் போட்டதும் எழும் குரலும் எங்கும் ஒன்றுதான். “சார், ஸ்டக் ஆகுது!” “மிஸ், லேக் ஆகுது!” நாம் கணினியை ஒருமுறை நிறுத்தி இயக்கிப் பார்ப்போம். அப்போதும் திக்கினால் ‘கைபேசி பழசு’ என்று முடிவு கட்டிவிடுவோம். புதிய கைபேசி வாங்கிய பிறகும் அதே திக்கல் தொடர்வதை நான் பார்த்திருக்கிறேன். திக்கலுக்குக் காரணங்கள் பல. வெளிச்சம், மெமரி கார்டு, சூடு, யுஎஸ்பி கம்பி, ஓட்டும் கணினி என ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நோய் எது என்று கண்டுபிடிக்காமல் மருந்து தேடுவதில்தான் நம் நேரம் போகிறது.

சிறிது திக்கினால் என்ன, பாடம் புரிந்தால் போதாதா என்று கேட்கலாம். சில பாடங்களில் போதாது. அமில-கார தரம்பார்த்தலில் பினாப்தலீன் நிறம் மாறுவது ஒரே ஒரு சொட்டில் நடக்கிறது. அந்தச் சொட்டு விழும் கணம் காணொலியில் இல்லையென்றால், நிறமற்ற கரைசல் தானாகவே இளஞ்சிவப்பாக மாறியதாகத்தான் மாணவர் கண்ணுக்குத் தெரியும். முடிவுப்புள்ளி என்ற கருத்தே அந்தச் சொட்டில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் செவித்திறன் குறைந்த மாணவி ஒருத்தி படிக்கிறாள். வகுப்பில் என் உதடுகளைப் பார்த்துத்தான் பாதிப் பாடத்தைப் புரிந்துகொள்வாள். பாடவாரியாகச் சேர்த்து வைத்திருந்த காணொலிகளில் ஒன்றை அவளுக்குப் போட்டுக் காட்டியபோது, “மிஸ், வாய் குதிக்குது” என்றாள். மற்ற மாணவர்கள் யாரும் அதில் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு ஒலி தெளிவாக இருந்தது. ‘ப’, ‘ம’ ஆகிய எழுத்துகளை ஒலிக்கும்போது உதடுகள் மூடியிருப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு நொடிதான். அந்த இடைவெளியில் படம் தவறினால் அவளைப் பொறுத்தவரை அந்த எழுத்தே இல்லை. காணொலி எடுக்கும்போது திக்கலை நான் தீவிரமாகக் கவனிக்கத் தொடங்கியது அவளால்தான்.

நிறுத்துக் கடிகாரச் சோதனை

காணொலி என்பது அசையாத படங்களின் வரிசை என்பது நாம் அறிந்ததே. ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். கைபேசிகள் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கின்றன. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25. நொடிக்கு 30 என்றால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 0.03 நொடி. இந்த ஒரு எண் போதும், சோதனையைச் செய்துவிடலாம்.

வேறொரு கைபேசியில் நூறில் ஒரு நொடி வரை காட்டும் நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிடுங்கள். பாடம் எடுக்கப்போகும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், அதே கேமராவால் அதைப் பத்து நிமிடம் படம்பிடியுங்கள். கோப்பைக் கணினியில் விஎல்சி பிளேயரில் திறந்து, இடையில் நிறுத்தி, விசைப்பலகையில் ஆங்கில ‘இ’ எழுத்தை அழுத்துங்கள். ஒரு அழுத்தலுக்கு ஒரு ஃபிரேம் நகரும். ஒவ்வொன்றிலும் கடிகாரம் காட்டும் எண்ணைத் தாளில் குறியுங்கள்.

4.12, 4.15, 4.19, 4.22 என்று வந்தால் எல்லாம் சரி. கைபேசித் திரையும் நொடிக்கு 60 முறை அளவிலேயே புதுப்பிக்கப்படுவதால் கடைசி இலக்கத்தில் ஒன்றிரண்டு கூடக் குறைய வரும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். 4.12, 4.19, 4.25, 4.32 என்று ஒரே சீராக இரட்டிப்பு இடைவெளி வந்தால் கேமரா நொடிக்கு 15 ஃபிரேம்தான் எடுத்திருக்கிறது. காரணம் அநேகமாக வெளிச்சக் குறைவு. 4.19, 4.22, பிறகு திடீரென 4.35 என்று ஒழுங்கில்லாமல் தாவினால், அங்கே மூன்று ஃபிரேம்கள் தொலைந்திருக்கின்றன. கேமரா எடுத்ததைக் கார்டோ கணினியோ எழுதி முடிக்க முடியவில்லை, அல்லது கருவி சூடாகிவிட்டது என்று பொருள். எண்கள் சீராக இருந்து, ஓட்டும்போது மட்டும் திக்கினால் காணொலியில் குறையே இல்லை. ஓட்டும் கருவியைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் நிமிடத்தில் சில எண்களையும் ஒன்பதாம் நிமிடத்தில் சில எண்களையும் எடுத்து ஒப்பிடுவது முக்கியம். கார்டு, சூடு தொடர்பான குறைகள் தொடக்கத்தில் தலைகாட்டுவதில்லை.

இதை 9 ஆம் வகுப்பில் அளவீட்டுச் செயல்பாடாகவே செய்யலாம். ஆளுக்குப் பத்து ஃபிரேம் கொடுத்தால் அரை மணியில் முழு அட்டவணையும் கரும்பலகைக்கு வந்துவிடும். மீச்சிற்றளவு, பிழை, சராசரி எல்லாம் கூடவே வந்து சேரும்.

சீராகக் குறைந்தால்: வெளிச்சம்

வகுப்பறையில் எடுக்கும் காணொலிகளில் நான் அதிகம் பார்த்தது இந்தக் குறைதான். நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்க வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்கு ஒளி வாங்கக் கிடைக்கும் நேரம் 30-இல் ஒரு நொடியைத் தாண்ட முடியாது. அறை இருட்டாக இருந்தால் கைபேசி தானாகவே அந்த நேரத்தை 15-இல் ஒரு நொடி வரை நீட்டிக்கொள்ளும். படம் பளிச்சென்று வரும், அசைவு திக்கும். கைபேசித் திரையில் பார்க்கும்போது பளிச்சென்று இருப்பதால் நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

மருந்துக்குக் காசு வேண்டாம். மேசையைச் சன்னல் பக்கம் நகர்த்துங்கள். சன்னல் வெளிச்சம் உங்கள் முகத்திலும் சோதனைக் கருவியிலும் விழ வேண்டும், முதுகில் விழக் கூடாது. மர நிழல் விழும் தாழ்வாரம் இன்னும் நல்லது. சில கைபேசிகளின் கேமரா அமைப்பில் ஃபிரேம் வேகத்தைத் தானாகக் குறைக்கும் வசதி தனியே இருக்கும். இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகு படம் இருட்டாகத் தெரிந்தால் இடம் மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

குழல்விளக்கின் கீழ் எடுக்கும்போது படத்தில் பட்டை பட்டையாக ஓடுவது வேறு விஷயம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். கையால் அமைக்க முடிந்தால் ஷட்டரை 50-இல் ஒன்று அல்லது 100-இல் ஒன்று என வையுங்கள், பட்டை மறையும்.

தாவித் தாவி வந்தால்: எழுதும் வேகம்

மெமரி கார்டின் மேல் ஒரு வட்டத்துக்குள் 4, 10 போன்ற எண் அச்சாகியிருக்கும். அது அந்தக் கார்டு நொடிக்குக் குறைந்தது எத்தனை மெகாபைட் எழுதும் என்ற உறுதி. யு3, வி30 என்று போட்டிருந்தால் 30 மெகாபைட். கேமராவின் கணக்கோ மெகாபிட்டில் வரும். எட்டால் வகுத்துக்கொள்ள வேண்டும். ஃபுல் ஹெச்டி காணொலி பெரும்பாலும் நொடிக்கு 20 மெகாபிட்டை ஒட்டி, அதாவது இரண்டரை மெகாபைட். 4கே என்றால் 50 மெகாபிட்டை ஒட்டி, ஆறு மெகாபைட்டுக்கு மேல். வட்டத்தில் 4 போட்ட பழைய கார்டில் 4கே எடுத்தால் என்ன ஆகும் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். போலிக் கார்டுகளில் அச்சான எண்ணையும் நம்ப முடியாது.

என்னைக் கேட்டால் பாடக் காணொலிக்கு 4கே வீண். ஃபுல் ஹெச்டி தாராளம். கைபேசியின் உள் நினைவகத்திலேயே பதிவுசெய்து பிறகு நகலெடுப்பது கார்டில் நேரடியாக எழுதுவதைவிட நம்பகமானது. நினைவகம் நிரம்பி வழியும் நிலையில் எடுக்க வேண்டாம்.

கோடையில் சூட்டையும் கவனியுங்கள். வெயிலில் தாங்கியில் நிற்கும் கைபேசி சில நிமிடங்களில் கொதிக்கும். தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். பின்உறையைக் கழற்றி, நிழலில் வைத்து, விமானப் பயன்முறையில் போட்டு, ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாக எடுத்தால் போதும்.

கணினியோடு இணைத்த வெப்கேமராவில் திக்கல் வந்தால் ஒரு பெருக்கல் கணக்கு காரணத்தைக் காட்டிவிடும். 1280 × 720 என்றால் 9,21,600 புள்ளிகள். சுருக்காமல் அனுப்பினால் புள்ளிக்கு 2 பைட். நொடிக்கு 30 ஃபிரேம். மொத்தம் 5,52,96,000 பைட், சுமார் 55 மெகாபைட். யுஎஸ்பி 2.0 இணைப்பு ஏட்டளவில் தருவதே 60 மெகாபைட்தான், நடைமுறையில் அதைவிட மிகக் குறைவு. ஆகவே கேமரா நொடிக்கு 10 ஃபிரேம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஓபிஎஸ் மென்பொருளில் கேமராவின் பண்புகளுக்குள் போய் வீடியோ வடிவத்தை ‘எம்ஜேபெக்’ என மாற்றினால், கேமரா படத்தைச் சுருக்கி அனுப்பும், 30 கிடைக்கும். பல சாதனங்கள் செருகிய யுஎஸ்பி ஹப்பைத் தவிர்த்துக் கணினியிலேயே நேரடியாகச் செருகுங்கள்.

திரைப்பதிவுக்கும் பலர் ஓபிஎஸ்தான் பயன்படுத்துகிறோம். அதில் ‘ஸ்டாட்ஸ்’ என்ற பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு பதிவுசெய்யுங்கள். ‘என்கோடிங் லேக்’ எண் ஏறிக்கொண்டே போனால் செயலி திணறுகிறது. 1920 × 1080-ஐ 1280 × 720 ஆகக் குறைத்தால் வேலை பாதிக்கும் கீழே இறங்கும். என்கோடர் பட்டியலில் வன்பொருள் என்கோடர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மடிக்கணினி மின்னிணைப்பில் இருக்கட்டும். பேட்டரியில் ஓடும்போது பல மடிக்கணினிகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பென் டிரைவில் நேரடியாகப் பதிவுசெய்ய வேண்டாம்.

நூற்றாண்டு விழாவுக்காகப் பழைய ஆண்டுவிழா ஒளிநாடாக்களைத் தேடியெடுக்கும் பள்ளிகளும் இதே சிக்கலைச் சந்திக்கும். மினி டிவி நாடாவைக் கணினியில் ஏற்றும்போது நொடிக்குச் சுமார் 3.6 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி அளவில் தகவல் வரும். நாடா யாருக்காகவும் காத்திருக்காது. கணினி ஒரு கணம் வேறு வேலைக்குத் திரும்பினால் அந்த ஃபிரேம் போனதுதான். வைரஸ் ஸ்கேன், இணையம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஃபயர்வயர் கம்பி வழியாக, என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்த வட்டில் ஏற்றுங்கள். ஃபேட்32 வட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது என்பதால் 20 நிமிடம் ஆவதற்குள் நின்றுவிடும். ஒரே நாடாவை இரண்டு முறை ஏற்றிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் குதித்தால் குறை நாடாவில். வேறு வேறு இடத்தில் என்றால் கணினியில்.

கோப்பு சரி, ஓட்டம் சரியில்லை

புதிய கைபேசிகள் இடத்தை மிச்சப்படுத்த ஹெச்.265 என்ற முறையில் காணொலியைச் சுருக்குகின்றன. கைபேசியில் வழுக்கிக்கொண்டு ஓடும் அதே கோப்பு, பழைய ஆய்வகக் கணினியில் மூச்சுவாங்கும். கைபேசி அமைப்பிலேயே ஹெச்.264-க்கு மாற்றிக்கொள்ளலாம். எடுத்தாகிவிட்டது என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஹெச்.264, நொடிக்கு 30, ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்று கொடுத்து மாற்றுங்கள். போகப் போக ஒலியும் உதடும் விலகும் தொல்லையும் பெரும்பாலும் இதிலேயே தீரும். ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும் கோப்பைத் தொகுப்பு மென்பொருள்கள் சீரான வேகமென எடுத்துக்கொள்வதால் வரும் விலகல் அது. பென் டிரைவிலிருந்து ஓட்டாமல் கணினியில் நகலெடுத்து ஓட்டுவதும் உதவும்.

தொலைந்த ஃபிரேமை எந்த மாற்றமும் திரும்பக் கொண்டுவராது. இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே புதிதாக ஒன்றை வரைந்து நிரப்பி, ஓட்டத்தை மென்மையாக்கித் தரும் மென்பொருள்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஆண்டுவிழா நடனத்துக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும். அறிவியல் சோதனைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நடக்காத ஒன்றை நடந்ததாக அது காட்டுகிறது. தனி ஊசலின் அலைவு நேரத்தை மாணவர் அந்தக் காணொலியிலிருந்து அளந்தால், மென்பொருளின் ஊகத்தைத்தான் அளக்கிறார். உதட்டசைவுக்கும் அதுவேதான், மூடாத உதட்டை அது மூடி வைக்காது.

ஆகவே தொலைந்த பகுதியை மறுபடி எடுப்பதுதான் வழி. தரம்பார்த்தல் கருவிகளைக் கழுவி வைப்பதற்கு முன்பே, நிறம் மாறும் அந்தப் பத்து நொடியை மட்டும் விஎல்சியில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்துவிடுங்கள். நான் பேசும் காணொலியாக இருந்தால் ஒலியை முழுதும் நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டு, என் உதடுகளை மட்டும் பார்க்கிறேன். பார்த்து முடிக்கும்வரை மூலக் கோப்பைக் கைபேசியிலிருந்து அழிப்பதில்லை.